அடக்குப் பந்தல்

ஓகிஹரா வீட்டில் எதையும் உடனே வளரவிட மாட்டார்கள். சிப்பிக் குஞ்சானாலும் சரி, மாப்பிள்ளையானாலும் சரி, முதலில் ஒரு குளிர்காலம் மூச்சை அடக்கிக் கிடந்து காட்ட வேண்டும். அதற்கப்புறம்தான் ஆழத்துக்கு அனுப்பலாமா என்று தமேகிச்சி யோசிப்பார்.

தமேகிச்சி அந்த வீட்டுப் பெரியவர். அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஓர் எலுமிச்சை மரம்தான் எல்லை. மரம் எங்களுடையது, காய் இரண்டு வீட்டுக்கும். இதை யாரும் எப்போதும் பேசி முடிவு செய்ததில்லை. எங்கள் வளைகுடாவில் நல்ல விஷயங்கள் எல்லாம் பேசாமல் நடப்பவைதான்.

வீட்டுக்கு முன்னால் சேறு. கடல் வற்றினால் கருப்பாக மினுங்கும் அந்தச் சேற்றில் மூங்கில் நட்டுப் பந்தல் போட்டிருப்பார்கள். விசிறிச் சிப்பியின் ஓடுகளைத் துளைபோட்டுக் கம்பியில் கோத்து, அந்தக் கம்பிகளை மாலை மாலையாகப் பந்தலில் கட்டித் தொங்கவிடுவார்கள். ஒவ்வோர் ஓட்டின்மேலும் கோடையில் வந்து ஒட்டிக்கொண்ட சிப்பிக் குஞ்சுகள் விரல்நகம் அளவில் இருக்கும். அலை ஏறும்போது தண்ணீருக்குள் இருக்கும், இறங்கும்போது காற்றில் தொங்கும். காற்றில் தொங்குகிற நேரமெல்லாம் குஞ்சு ஓட்டை இறுக்கி மூடிக்கொண்டு, உள்ளே பிடித்து வைத்திருக்கிற ஒரு சொட்டுக் கடலை வைத்துக் காலம் தள்ளவேண்டும். மூச்சு மெல்ல மெல்லக் குறையும். தின்ன முடியாது, வளர முடியாது. தாங்காதது செத்துவிடும். தாங்கியது வைகாசி வாக்கில் ஆழக் கடலில் மிதக்கிற மூங்கில் தெப்பத்துக்குப் போகும். போனதும் அடக்கி வைத்திருந்த ஆத்திரத்தையெல்லாம் வளர்ச்சியில் காட்டும். இதற்கு எங்கள் பக்கத்தில் அடக்குப் பந்தல் என்று பெயர்.

"வளர்றது ஒரு வித்தையா? பாசிகூடத்தான் வளருது," என்பார் தமேகிச்சி. "வாயை மூடிக்கிட்டுக் கெடக்கத் தெரியணும். அதுதான் சிப்பி."

இப்படிப்பட்ட வீட்டுக்கு மோரிஹிகோ வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து சேர்ந்தான்.

அவன் மலைப்பக்கம், ஷோபரா. மாடு வளர்க்கிற வீட்டில் மூன்றாவது பிள்ளை. ஹிரோஷிமா நகரத்தில் பால்வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவனை, அங்கே பேருந்துக் கம்பெனியில் வேலை பார்த்த சிஹாரு கண்டுபிடித்தாள். சிஹாரு தமேகிச்சிக்கு ஒரே மகள். ஆண் வாரிசு இல்லாத வீடு, எனவே வருகிறவன் தன் குடும்பப் பெயரைக் கழற்றி வைத்துவிட்டு ஓகிஹராவாக மாறவேண்டும். மோரிஹிகோவுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. பழைய பெயரில் அண்ணன்மார் இரண்டு பேர் ஏற்கெனவே இருப்பதால் நெரிசலாக இருந்தது என்று சொன்னான்.

அவனிடம் ஒரே ஒரு குறை. மனதில் இருப்பது வாயில் வந்துவிடும். காலையில் எழுந்ததும் எப்படித் தூங்கினான், என்ன கனவு, கனவில் எந்த மாடு, எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் சோற்றுக் கிண்ணத்தைத் தொடுவான். மாமியார் மிட்சுயோவுக்கு இது பிடித்திருந்தது. முப்பது வருடமாக அந்த வீட்டில் கடிகாரம்தான் அதிகம் பேசியது. சிஹாரு அப்பாவைப் போல. கேட்டால் பதில் சொல்வாள், இரண்டு முறை கேட்டால் மறுபடி சொல்ல மாட்டாள்.

ஓகிஹரா ஆகிவிட்டதால் அவன் தமேகிச்சியை 'அப்பா' என்று கூப்பிட வேண்டும். முதல் தடவை கூப்பிட்டபோது அவர் திரும்பி, பின்னால் யாருடைய அப்பா நிற்கிறார் என்று பார்த்தார். பிறகு பழகிக்கொண்டார். ஆனால் அவர் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'மாப்பிள்ளை' என்பார். அதையும் நேராகச் சொல்லமாட்டார். "மாப்பிள்ளை கயித்தைப் பிடிச்சா நல்லாருக்கும்" என்று கடலைப் பார்த்துச் சொல்வார். தெப்பங்களை இழுக்கிற படகின் சுக்கான் சக்கரத்தை இரண்டு வருடமாக அவன் தொட்டதில்லை. தொடவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது ஒன்றுதான் அவன் வாயை அடக்கிச் செய்த காரியம்.

இரண்டாவது குளிர்காலத்தில் தமேகிச்சியின் இடுப்பெலும்பு தேய்ந்துபோய், குரே நகரத்து ஆஸ்பத்திரியில் அதை மாற்றப் படுக்க வைத்துவிட்டார்கள். போவதற்கு முன் மாப்பிள்ளையை எலுமிச்சை மரத்தடியில் நிறுத்தி வைத்துப் பேசினார். எங்கள் வீட்டு ஜன்னலுக்கு நன்றாகக் கேட்டது. பேச்சின் சாரம் இதுதான்: பந்தலை அலை பார்த்துக்கொள்ளும். நீ போய் முடிச்சு அவிழ்ந்திருக்கிறதா என்று மட்டும் பார். வேறெதையும் செய்யாதே. எதையாவது செய்யணும்போலத் தோன்றினால் வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்.

தை மாதத்துக் காற்று எங்கள் வளைகுடாவில் காதைச் சீவும். அந்தக் காற்றில் கடல் வற்றிய நேரம் மோரிஹிகோ சேற்றில் இறங்கிப் போய்ப் பந்தலைப் பார்த்தான். முடிச்சுகள் சரியாக இருந்தன. குஞ்சுகள் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தன.

அவன் ஊரில் குளிர்காலத்தில் கன்று பிறந்தால், பழைய போர்வையை வெட்டித் தைத்து அதற்குச் சட்டை போட்டுவிடுவார்கள். அவனும் சிறுவயதில் தைத்திருக்கிறானாம். அப்படி வளர்ந்தவனிடம் லட்சக்கணக்கான குஞ்சுகளை வெறும் உடம்போடு காற்றில் தொங்கவிட்டு, சும்மா இரு என்றால் அவன் என்ன செய்வான்? முதல் நாள் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டான். இரண்டாம் நாளும் படுத்துக்கொண்டான். மூன்றாம் நாள் சமையலறையிலிருந்து பெரிய கரண்டியை எடுத்துக்கொண்டு போய், வாளியில் கடல்தண்ணீர் மொண்டு குஞ்சுகள்மேல் ஊற்றிக்கொண்டிருந்தான்.

அதைக் கிக்குயே பார்த்துவிட்டாள். கிக்குயே சிப்பி உடைக்கிற கொட்டகையின் தலைவி. கத்தி அவள் கையில் சுழல்கிற வேகத்தில் நாக்கும் சுழலும். கொட்டகையில் சிப்பி உடைத்துக்கொண்டே அந்த வாரம் முழுவதும் அதையே உடைத்தாள். மாப்பிள்ளை தண்ணீர் மட்டும்தான் ஊற்றுகிறாரா, டீயும் கொடுக்கிறாரா என்று கேட்டாள். அடுத்து முதுகு தேய்த்துவிடுவாரா, அப்படியானால் நானும் பந்தலில் தொங்குகிறேன் என்றாள். பெண்கள் சிரித்த சிரிப்பில் கொட்டகைக் கூரையின் தகரம் ஆடியது.

அவன் கரண்டியை விட்டான். குஞ்சை விடவில்லை. முடிச்சு சரிபார்க்கிறேன் என்று தினமும் சேற்றில் இறங்கி, ஒவ்வொரு கம்பியாக அவிழ்த்து, ஒரு முழம் கீழே இறக்கிக் கட்டினான். ஒரு முழம் கீழே போனால் கடல் நன்றாக வற்றுகிற சில நாட்களில் மட்டும்தான் குஞ்சு வெளியே வரும். மற்ற நேரமெல்லாம் தண்ணீருக்குள் சுகமாக மூச்சு விட்டுக்கொண்டு, தின்றுகொண்டு கிடக்கும். பந்தலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை இதைச் செய்து முடித்தான். பாதியில் ஒருநாள் சிஹாரு சோற்று உருண்டை கொண்டுவந்தாள். பார்த்தாள். பந்தலை மேலிருந்து கீழே ஒருமுறை, கணவனைக் கீழிருந்து மேலே ஒருமுறை. பிறகு கூடையைக் கீழே வைத்துவிட்டு, அவன் கட்டுவதற்கு வசதியாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் ஓகிஹரா வீட்டுப் பெண்.

வசந்தத்தில் தமேகிச்சி கைத்தடியோடு திரும்பி வந்து பந்தலைப் பார்த்தார்.

குஞ்சுகள் அங்கே இல்லை. அந்த இடத்தில் வாலிபர்கள் இருந்தார்கள். வளைகுடாவில் மற்றவர் பந்தலில் பொத்தான் அளவில் இருந்தபோது, ஓகிஹரா பந்தலில் பிஸ்கட் அளவு. ஊர் வந்து பார்த்தது. கிக்குயேகூட வாயடைத்து நின்றாள் என்று சொல்ல ஆசை, ஆனால் நிற்கவில்லை. என்ன தீனி போட்டீர்கள் என்று கேட்டாள். தமேகிச்சி மீனவர் சங்கத்துக்குப் போய், இதெல்லாம் நாங்கள் பரம்பரையாகக் காப்பாற்றிய சேற்றின் குணம் என்று சொல்லிவிட்டு வந்தார். மறுநாளும் போய்ச் சொன்னார். ஆயுசு முழுக்க வளர்ச்சியை ஒரு வியாதியைப்போலப் பேசிவந்த மனிதர், அந்த வசந்தத்தில் கம்பிக்குக் கம்பி நின்று கையால் அளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மோரிஹிகோ சொல்லத்தான் வாயெடுத்தான். அதற்குள் அவர் எல்லாருக்கும் முன்னால், இந்த அறுவடை முடிந்ததும் படகுச் சக்கரம் மாப்பிள்ளை கையில்தான் என்று சொல்லிவிட்டார். அவன் வாயை மூடிக்கொண்டான். அதிலிருந்து கனவில் வந்த மாடுகளைப் பற்றியும் பேச்சில்லை.

"பந்தல் வேலை செய்யுது," என்றார் தமேகிச்சி, மாப்பிள்ளையைப் பார்த்துத் திருப்தியாக.

நான் அப்போது ஹிரோஷிமாவில் கடல்வளப் படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். கோடை விடுமுறைக்குக் கொடுத்த வேலை, சிப்பி வளர்வதற்கும் மூச்சு விடுவதற்கும் என்ன கணக்கு என்று பார்த்து வருவது. செய்முறை எளிது. கண்ணாடி ஜாடியில் கடல்தண்ணீரும் சிப்பியும் போட்டுக் காற்றுப்புகாமல் மூடவேண்டும். கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீரில் உயிர்க்காற்று எவ்வளவு மிச்சம் என்று பார்க்கவேண்டும். குறைந்தது எல்லாம் சிப்பி குடித்த மூச்சு. என்னுடைய முதல் சிப்பி ஜாடிக்குள் போனதும் வாயை மூடியது, மாலைவரை திறக்கவில்லை. சிப்பி மூச்சு விடுவதில்லை என்று எழுதி அனுப்பினேன். அது சிப்பிதானா, கல்லா என்று பேராசிரியர் கேட்டிருந்தார்.

பொறுமை வந்தபிறகு கிக்குயேயின் தம்பி தெப்பத்திலிருந்து கொஞ்சமும் ஓகிஹரா தெப்பத்திலிருந்து கொஞ்சமும் எடுத்து வைத்துப் பார்த்தேன். ஒரே எடைக்கு ஓகிஹரா சிப்பி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு மூச்சு விட்டது. நான் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன். ஜாடியைத்தான் சந்தேகப்பட்டேனே தவிர, பந்தலைச் சந்தேகப்படவில்லை.

அன்றைக்கு இரவுச் சாப்பாடு அவர்கள் வீட்டில். குளிர்ந்த நூடுல்ஸ், வெள்ளரிக்காய், பொரித்த பொடிமீன். நான் கண்டுபிடித்ததைச் சொன்னேன். தமேகிச்சிக்கு மனம் குளிர்ந்துபோனது.

"நுரையீரல் அப்படி," என்றார்.

சிப்பிக்கு நுரையீரல் கிடையாது, செவுள்தான் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். மிட்சுயோ என் தட்டில் இன்னும் இரண்டு மீன் வைத்து என்னைக் காப்பாற்றினாள். மோரிஹிகோ மட்டும் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தான். சாப்பாடு முடிந்ததும் என்னை வழியனுப்பக் கூடவே வந்தான். எலுமிச்சை மரம் வரைக்கும்தான் வழி. அதற்கு யாரும் வழியனுப்ப வருவதில்லை.

"வேகமா மூச்சு விட்டா நல்லதுதானே?" என்றான்.

தண்ணீர் நன்றாக இருக்கிறவரைக்கும் நல்லது, வேகமாக வளரும் என்றேன். வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டிய காலம் வந்தால் உள்ளே இருக்கும் சேமிப்பை அதே வேகத்தில் கரைத்துவிட்டு, மற்றவற்றுக்கு முன்னால் வாயைத் திறந்துவிடும். அப்புறம் மூடாது.

"முன்னாலன்னா? ரொம்பவா?"

"மத்தது தாங்குறதுல பாதி நாள் தாங்கினா பெரிசு அண்ணே."

ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்துகொண்டே நின்றான். பிறகு அத்தனையையும் சொன்னான். கரண்டியிலிருந்து ஆரம்பித்தான். நடுவில் கன்றுகளின் சட்டைக்குப் போய், அதற்குப் பொத்தான் வைப்பதா நாடா வைப்பதா என்று அண்ணன்மாரோடு நடந்த சண்டையையும் சொல்லி, ஒரு முழத்துக்கு வந்து சேர்ந்தான். வசந்தத்திலிருந்து அடைத்து வைத்தது. அந்த வருடம் ஓகிஹரா வீட்டுத் தெப்பங்கள் எல்லாவற்றிலும் தொங்கியது அந்தக் குஞ்சுகள்தான். அவை போனால் அந்த வீட்டில் உடைக்க ஒரு சிப்பி இருக்காது.

பெரியவரிடம் சொல்லிவிடுங்கள் என்றேன்.

"அவரு சங்கத்துல போய்ப் பேசினதெல்லாம்? சேறு, பரம்பரை… அதையெல்லாம் திரும்ப எப்படிப்பா வாங்குறது? இந்த வருஷம் புயல் வராமப் போகட்டும். அடுத்த வருஷம் மேல கட்டிடறேன். சாமி சத்தியமா மேல கட்டிடறேன்."

புரட்டாசியில் புயல் வந்தது.

புயலுக்கு எங்கள் ஊரில் பதற்றம் கிடையாது, முறை உண்டு. தெப்பங்களை எல்லாம் இழுத்துக்கொண்டுபோய், குன்றுக்குப் பின்னால் இருக்கிற சின்னக் குடாவில் நெருக்கி நிறுத்திக் கட்டிவிடுவோம். காற்று மேலே கத்திவிட்டுப் போகும். போனதும் மலைகளில் பெய்த மழையெல்லாம் ஓட்டா ஆற்றில் இறங்கி, காவி நிறத்தில் கடல்மேல் போர்வையாக விரியும். உப்பில்லாத அந்தத் தண்ணீர் பட்டதும் சிப்பிகள் வாயை மூடிக்கொள்ளும். போர்வை விலகுகிறவரைக்கும் திறக்காது. அடக்குப் பந்தலில் ஒரு குளிர்காலம் படித்த படிப்பு இதற்குத்தான். அந்த நாட்களில் தெப்பத்தில் மனிதனுக்கு ஒரு வேலையும் இல்லை. அது எங்களுக்குத் திருவிழா மாதிரி. சிப்பிகள் மூச்சை அடக்கிக் கிடக்கும், ஊர் மூச்சு விட்டுக்கொண்டு குடிக்கும்.

அந்த வருடமும் காற்று ஓய்ந்த மறுநாள் மதியம் ஓகிஹரா கொட்டகையில் எல்லாரும் கூடினோம். சுட்ட கணவாய், அவித்த பச்சை சோயாக்காய், கீரை ஊறுகாய், சைஜோ ஊர் அரிசிமது. ஒரு தெப்பமும் உடையவில்லை என்பதால் பள்ளித் தலைமையாசிரியர்கூட வந்து உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தெப்பம் கிடையாது, தாகம் உண்டு. தமேகிச்சி நடுவில் உட்கார்ந்து சேற்றின் குணம் பற்றித் தொடங்கியிருந்தார். மோரிஹிகோ வாசலில் நின்றான். தூரத்தில் நீலத்தின்மேல் காவி ஒரு கோடாகத் தெரிந்தது. கோடு தடித்துக்கொண்டே வந்தது.

"மாப்பிள்ளைக்கு யாராவது ஊத்துங்கப்பா," என்றாள் கிக்குயே. "கரண்டி வேணும்னா சொல்லுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அவன் உள்ளே வந்து தமேகிச்சிக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தான். ஏதோ மரியாதைக்கு ஊற்றப்போகிறான் என்று நினைத்து அவர் கிண்ணத்தை நீட்டினார்.

"அப்பா, நம்ம சிப்பி தாங்காது," என்றான்.

"எது?"

"வாயை மூடத் தெரியாது அதுங்களுக்கு. நான் சொல்லிக்குடுக்கல. நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்ப, எல்லாக் கம்பியையும் கீழ எறக்கிக் கட்டிட்டேன். குளிருமேன்னு."

நீட்டிய கிண்ணம் நீட்டியபடியே இருந்தது. கொட்டகையில் ஒருவர் கணவாயை மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது. அது தலைமையாசிரியர்.

"எவ்ளோ கீழ?" என்றார் தமேகிச்சி.

மோரிஹிகோ கையை நீட்டி முழங்கையிலிருந்து விரல்நுனி வரை காட்டினான்.

"எல்லாமா?"

"எல்லாம்."

"நான் கம்பியைப் பிடிச்சேன்," என்றது சுவரோரத்திலிருந்து ஒரு குரல். சிஹாரு. அந்த மாதத்தில் அவள் ஊர் கேட்கப் பேசியது அவ்வளவுதான்.

தமேகிச்சி கிண்ணத்தைக் கீழே வைத்தார். சங்கத்து ஆட்கள் எல்லாரும் அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்கப் படாத பாடு பட்டார்கள். கூரையைப் பார்த்தார்கள், சோயாக்காயைப் பார்த்தார்கள். அவர் கைத்தடியை எடுத்தபோது, மாப்பிள்ளைமேல் விழப்போகிறது என்று நான் நினைத்தேன். அதை ஊன்றி எழுந்தார்.

"எனக்கு இடுப்பைத்தான் மாத்தினாங்கன்னு நெனச்சேன்," என்றார். "அம்பது வருஷமா பந்தல் கட்டுறவன். பிஸ்கட் மாதிரி நின்னுச்சு. ஏன்னு ஒரு கேள்வி கேக்கல. சந்தோஷப்பட்டேன்." வாசலுக்குப் போய்க் காவிக் கோட்டைப் பார்த்தார். "சேறாம், பரம்பரையாம்."

பிறகு திரும்பாமலே சொன்னார். "உக்காந்து என்ன பண்றீங்க? கயிறு வச்சிருக்கறவன் எல்லாம் எந்திரி."

காவித் தண்ணீர் மேலாகத்தான் விரியும். கம்பிகளைக் கயிறு சேர்த்து நீட்டிக் கீழே இறக்கிவிட்டால் சிப்பிகள் அதற்கு அடியில் உப்புத் தண்ணீரில் மூச்சு விடலாம். ஆனால் அந்தச் சின்னக் குடாவில் ஆழமில்லை. இறக்கினால் அடிச்சேற்றில் புதையும், அங்கே மூச்சே கிடையாது. ஆகவே ஓகிஹரா வீட்டுத் தெப்பங்களை மட்டும் அவிழ்த்து ஆழமான கால்வாய்க்கு இழுத்துக்கொண்டு போகவேண்டும். புயலின் அலை அங்கே இன்னும் அடங்கவில்லை. காவி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடியவேண்டும். குடித்தவர்களை வைத்துக்கொண்டு.

யாரும் அதைப்பற்றி விவாதிக்கவில்லை. எங்கள் ஊரில் தெப்பத்துக்கு ஆபத்து என்றால் முதலில் படகு, பிறகு சண்டை. வளைகுடாவின் எல்லாப் படகுகளும் கிளம்பின. சிப்பி உடைக்கிற பெண்கள் ரப்பர் பூட்ஸோடு ஏறிக்கொண்டார்கள். கயிறு போதவில்லை. துணி உலர்த்துகிற கொடிகள் வந்தன, மிட்சுயோ கல்யாணப் பெட்டியிலிருந்து இடுப்புக் கச்சை நாடாக்களைக் கொண்டுவந்தாள். தலைமையாசிரியர் எங்கோ காணாமல் போய், பள்ளிக்கூடத்தின் வடமிழுக்கிற போட்டிக் கயிற்றைத் தோளில் சுற்றிக்கொண்டு வந்தார். அதைப் பிரித்து, பிரித்ததை அறுத்துக் கட்டினோம். அந்த வருட விளையாட்டு விழாவில் அந்தப் போட்டி மட்டும் நடக்கவில்லை.

கால்வாய் அலையில் இழுவைப் படகு குலுங்கியது. சக்கரத்தைப் பிடித்திருந்த தமேகிச்சியின் புது இடுப்பு இரண்டாவது குலுங்கலில் அவரை உட்கார வைத்துவிட்டது.

"மாப்பிள்ளை பிடிச்சா நல்லாருக்கும்," என்றார் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, கடலைப் பார்த்து.

அப்படித்தான் சக்கரம் அவன் கைக்கு வந்தது. ஒரு சடங்கும் இல்லை. அவர் கீழே உட்கார்ந்துகொண்டு இடது, வலது, அட இடதுன்னா இடதுய்யா என்று கத்தினார். தெப்பத்தின் மூங்கில்மேல் நாங்கள் தவழ்ந்து தவழ்ந்து கம்பியை அவிழ்த்து, கயிறு சேர்த்து, இறக்கிக் கட்டினோம். கைத்தோல் உரிந்தது. பேச்சு மட்டும் குறையவில்லை. அடுத்த தெப்பத்திலிருந்து கிக்குயேயின் குரல் காற்றில் வந்துகொண்டேயிருந்தது.

"மெத்தை கொண்டாந்தீங்களா? தலகாணி? தாலாட்டு யாரு பாடுறது, நீங்களா மாப்பிள்ளையா?"

"நீ பாடினா பயந்து வாயை மூடிக்கும்டி," என்றாள் இன்னொருத்தி. "அதுதானே வேணும், பாடு."

கிக்குயே பாடினாள். குரல் சகிக்கவில்லை. ஆனால் பாட்டுக்கு எல்லார் கையும் ஒரே தாளத்தில் போனது. கடைசிக் கம்பி இறங்கியபோது காவித் தண்ணீர் தெப்பத்தின் மிதவைகளைத் தொட்டுவிட்டது.

அதன்பிறகு வந்த நாட்கள் மோசமானவை. செய்ய ஒன்றுமில்லை. தமேகிச்சி சங்கத்துக்குப் போகவில்லை. சமையலறைப் பலகையில் கிக்குயே தம்பியின் சிப்பி ஒன்றையும் தன் சிப்பி ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். மறுநாள் அவர் சிப்பி மெல்ல வாயைத் திறந்தது. விரலால் சுண்டினார். மூடிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் திறந்தது. சுண்டினார். மோரிஹிகோ வாசற்படியில் நின்று ஒவ்வொரு சுண்டலுக்கும் கண்ணை மூடிக்கொண்டான். சாயங்காலம் சுண்டினபோது அது மூடவில்லை. பக்கத்துச் சிப்பி கல்லாட்டம் கிடந்தது. மிட்சுயோ இரண்டையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோறு வைத்தாள். மோரிஹிகோவுக்கும் எதிரிலேயே வைத்தாள். இரண்டு பேரும் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்கள்.

போர்வை விலகிப் பச்சைத் தண்ணீர் தெரிந்ததும் கம்பிகளை இழுத்துப் பார்த்தோம். மேல்முனையில் இருந்தவை வாயைப் பிளந்து வெறும் ஓடாக வந்தன. முதல் கம்பியில் அதைப் பார்த்து மோரிஹிகோ மூங்கில்மேல் உட்கார்ந்துவிட்டான். தமேகிச்சி இழுக்கச் சொல்லிக் கைகாட்டினார். கீழே வரவரக் கனம் ஏறியது. நடுவிலிருந்து அடிவரை உயிர். கறுப்பு விளிம்போடு, கொழுத்து, தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு. எல்லாத் தெப்பத்திலும் அப்படித்தான். தலை போயிற்று, உடம்பு நின்றது. வீடு நின்றது.

"ம்," என்றார் தமேகிச்சி. மறுநாள் சங்கத்துக்குப் போய், சேற்றின் குணம் பற்றித் தான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொண்டு வந்தார். ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டதாகச் சொன்னார்கள்.

அந்தக் குளிர்காலத்துச் சிப்பியை ஓட்டோடு வெளியூருக்கு அனுப்ப முடியவில்லை. வழியிலேயே வாயைத் திறந்துவிடும். எல்லாவற்றையும் கொட்டகையிலேயே உடைத்து, பக்கத்து ஊர்களுக்கு மட்டும் அன்றன்றே அனுப்பினார்கள். வெண்ணெய் மாதிரித் திறக்கிறது, இதை உடைக்கக் கத்தி எதுக்கு, மாப்பிள்ளை பேர் சொன்னாலே போதும் என்றாள் கிக்குயே. முதல் நாள் உடைத்ததில் கொஞ்சம் எடுத்து மிட்சுயோ மண்சட்டியின் விளிம்பில் மிசோ என்கிற சோயா விழுதைப் பூசி, முட்டைக்கோசும் காளானும் போட்டுக் கொதிக்கவைத்தாள். நானும் இருந்தேன். ஊரில் பிறந்து சிப்பி தின்று வளர்ந்தவன், அப்படி ஒன்றைத் தின்றதில்லை. வாயில் வைத்ததும் இனித்துக் கரைந்தது. கஷ்டமே தெரியாமல் வளர்ந்த ருசி. எல்லாரும் தமேகிச்சியைப் பார்த்தோம். அவர் மென்றார், விழுங்கினார், கடிகாரத்தைப் பார்த்தார். கிண்ணத்தை மிட்சுயோவிடம் நீட்டினார். மறுபடி நீட்டினார்.

அடுத்த வருடம் இலையுதிர்காலத்தில் புதுக் குஞ்சுகளைப் பந்தலில் கட்டினார்கள். நான் எலுமிச்சை மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தமேகிச்சி சேற்றில் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து ஒவ்வொரு முடிச்சையும் பார்வையிட்டார். மோரிஹிகோ மேலே கட்டினான். மேலே என்றால் மேலே, கை எட்டுகிற உயரத்துக்கு. கட்டிவிட்டு ஒவ்வொரு கம்பிக்கும் முதுகைத் திருப்பிக்கொண்டான். சிஹாரு கம்பியைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் கட்டி முடிந்தது என்று அவன் கையைத் துடைத்தபோது, தமேகிச்சி கைத்தடியால் பந்தலின் கடைசி மூங்கிலைத் தட்டினார். எல்லாவற்றுக்கும் கீழே, சேற்றை ஒட்டி ஓடுகிற மூங்கில்.

"இது ஏன் காலியா கெடக்கு?"

"அங்க கட்டினா அதுங்க வாயை மூடப் பழகாதுப்பா. நீங்கதான…"

"விக்கிற சிப்பி பழகணும். ஊர் ஊராப் போகணும், வெள்ளத்தைப் பாக்கணும், பழகித்தான் ஆகணும்." அவர் கடலைப் பார்த்தார். "எல்லாமே போகணுமா என்ன? ஒரு வரிசை வீட்டோட இருந்துட்டுப் போகட்டும்."

மோரிஹிகோ ஒரு கம்பியை எடுத்துக்கொண்டு சேற்றில் மண்டியிட்டு, அந்தக் கீழ் மூங்கிலில் கட்டத் தொடங்கினான். அவசரத்தில் முடிச்சு மேலேறிக்கொண்டது.

"இன்னும் ரெண்டு விரக்கட கீழ, மோரிஹிகோ," என்றார் தமேகிச்சி. "குளிருமில்ல."

அவன் விரல் வைத்து அளப்பதில் இருந்ததால், அவர் கூப்பிட்ட விதத்தைக் கவனிக்கவில்லை. சிஹாரு மட்டும் கம்பியோடு தலை நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.